வண்ணம் பூசாத வீரன் மேஜை ஏறான்

ஹலோ... ஹலோ, பிரிட்டோ? நான்தான்யா, யக்ஞநாராயணன்... ஆமா, சேலையூர் யக்ஞநாராயணன். ஒனக்கு எத்தனை யக்ஞநாராயணனைத் தெரியும்?... இல்லல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. தொண்டையும் கட்டல. காலையிலேர்ந்து வாயத் தொறக்கல, அதான் குரல் இப்படி. நாலு வாக்கியம் பேசினா சரியாயிடும்.

யோவ், போச்சுய்யா. எல்லாம் போச்சு... ஐயோ, யாரும் போகல! ஆளுங்க இல்ல, நம்ம ஆட்டத்துப் பொம்மைங்க. நாலும். என்னோட மந்திரவாதி, தபீதாள் டீச்சரோட வில்லுக்காரி, நிகிலோட கோடாலிக் குள்ளன், அப்புறம் அந்தப் பூதம். ஒண்ணு விடாம வெள்ளையாப் போச்சு. பதினோரு மாசம்யா. ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல் உசரம்கூட இல்ல, அதுக்குப் பதினோரு மாசம்.

கடைசிப் பூச்சு அடிச்சேன். வார்னிஷ். டப்பாவை அமுக்கினா புஸ்ஸுனு வருமே... ஆமாமா, பெயிண்டு உதிராம இருக்கறதுக்கு. பால்கனியில பேப்பர் விரிச்சு, நாலு பேரையும் பள்ளிக்கூடப் பிரேயர் மாதிரி வரிசையா நிக்க வெச்சு... மழையா? ஆமா, மழைதான். தெரியும். ஈரக் காத்துல அடிக்கக் கூடாதுன்னு டப்பாவிலேயே போட்டிருக்கான். அதைப் பத்தி நான்தான் ஒங்க எல்லாருக்கும் வாட்ஸப்புல ஒன்பது பாகமா எழுதினேன்... படிக்கலையா? மூணாவது பாகம்யா அது! யாருமேவா?

சரி விடு. எப்படி இருக்குன்னு சொல்றேன் கேளு. சாம்பல் பூசணி மேல பூத்திருக்கும் பாரு, அந்த மாதிரி. என் மந்திரவாதி, ஏழு மலைகளின் அதிபதி அக்னிகேது, மைதா டப்பாவுக்குள்ள விழுந்து எழுந்தவன் மாதிரி நிக்கறான்... சிரிக்காதே.

அதனால விஷயம் என்னன்னா, நாளைக்கு ஞாயித்துக்கிழமை ஆட்டம் தள்ளி வெக்கறோம். வேற வழியில்ல. சுரண்டி எடுத்து, மறுபடி முதல் பூச்சுலேர்ந்து... என்ன?... பரவாயில்லையா?

யோவ், நீ இவ்வளவு சீக்கிரம் பரவாயில்லன்னு சொல்லக் கூடாதுய்யா. கொஞ்சம் வருத்தப்படு... ம்... ம். ஏழாவது தடவைதான், ஞாபகம் இருக்கு. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்துதா இல்லையா? பிப்ரவரியில கண்ணு. மந்திரவாதிக்கு ஒரு கண்ணு தாம்பரத்தைப் பாக்குது, இன்னொண்ணு பெருங்களத்தூரைப் பாக்குது. அரிசியில பாதி சைஸ் மூஞ்சி, அதுல கருவிழி வெக்கணும். மூச்சை இழுத்துப் பிடிச்சு, ரெண்டு இதயத் துடிப்புக்கு நடுவுல வெக்கணும்யா. நீ பதினேழு வருஷம் ரயில்ல என் பக்கத்துல ஒக்காந்து வந்தியே, அந்த வண்டியில எழுத்துகூட நேரா எழுத முடியாது, இதை... என்ன? நான் வீட்டுலதானே வெச்சேனா? அது சரி. ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.

என்ன இருந்தாலும் சட்டம்னா சட்டம். சுவத்துலயே ஒட்டி வெச்சிருக்கேனே, லேமினேட் பண்ணி. 'வண்ணம் பூசாத வீரன் மேஜை ஏறான்.' பகடை உருட்டறோம், நீ கதை சொல்றே, நாங்க அந்தந்த ஆளா நடிச்சுப் பேசறோம், இவ்வளவு பண்றவங்க வெறும் சாம்பல் கலர் பிளாஸ்டிக்கை நகத்திக்கிட்டிருந்தா அது ஆட்டமா? அதுக்குப் பரமபதமே...

இரு, பெல் அடிக்குது. வெச்சிடாதே.

யாரு?... ஓ, தண்ணி கேனா? வாங்க வாங்க. அந்தப் பக்கம் போகாதீங்கண்ணே, பேப்பரை மிதிச்சிடப் போறீங்க... அது பொம்மை. ஆமா, நாலும் வெள்ளைதான், இன்னிக்குத்தான் அப்படி ஆச்சு... பிள்ளையார் இல்லண்ணே அது, பூதம். கொம்புண்ணே, தும்பிக்கை இல்ல... ஐயோ, கும்பிடாதீங்க! சரி, ஆச்சு. டீ போடட்டுமா? ரெண்டே நிமிஷம்... கீழ வண்டி நிக்குதா. சரி சரி, போங்க. செவ்வாக்கிழமை வருவீங்கல்ல?... வியாழனா. ஒரு கேன் அவ்வளவு நாளா வருது எனக்கு? சரி.

ஹலோ, இருக்கியா? பூதத்தைப் பாத்துக் கன்னத்துல போட்டுக்கிட்டுப் போறாருய்யா. இவராவது தேவலாம். அன்னிக்கு அசோசியேஷன் செகரெட்டரியம்மா வந்தாங்க, 'என்ன சார், நவராத்திரி முடிஞ்சும் கொலுவை எடுக்கலையா'ன்னாங்க. போகும்போது வில்லுக்காரி முன்னாடி வெத்தலை பாக்கு வெச்சிட்டுப் போனாங்க... ம், ரெண்டு மூணு வாரம் இருக்கும். அதுக்கப்புறம் யாரும் வரல.

என்ன சொன்னே?... எண்ணெயா? எந்த எண்ணெய்?... யோவ், தேங்காய் எண்ணெய் தலைக்குத் தடவறது. இது கலை. எட்டு அடுக்குப் பெயிண்டு, நிழலுக்கு ஒண்ணு, வெளிச்சத்துக்கு ரெண்டு... யாருக்கு? சூசையப்பருக்கா? ஒங்க கோயில் கிறிஸ்துமஸ் குடில்லயா?... போன வருஷம் வார்னிஷ் அடிச்சப்போ... மூணு ராஜாக்களும் வெள்ளையாயிட்டாங்களா... மாடுமா... சர்ச்சுல வேலை பாக்கற கோயில்பிள்ளை எண்ணெய் தொட்டுத் தடவினதும் கலர் திரும்பி வந்துடுச்சா? யாரோ ஒரு கோயில்பிள்ளை சொன்னார்னு நான்... எத்தனை வருஷமா குடில் வெக்கறார் அவர்?... முப்பத்திரெண்டா.

இரு. ஸ்பீக்கர்ல போடறேன். கேக்குதா? காது குடையற பஞ்சுக்குச்சி எடுத்துக்கிட்டேன். எண்ணெய்... ம். குள்ளன் மேல பண்ணிப் பாக்கறேன். கெட்டுப்போனா நிகிலோடதுதானே கெடும்... நல்லவன்தான்யா நான், ஆனா அக்னிகேது என்னோடதாச்சே.

...

யோவ்.

யோவ் பிரிட்டோ. தாடி வருதுய்யா. செம்பட்டைத் தாடி! கண்ணாடி தொடச்ச மாதிரி... பெல்ட்டு வருது, பெல்ட்டுல நான் வெச்ச பித்தளைப் புள்ளி வருது... ஆமா, ஆமா, ஆமா! அடேயப்பா. ஒங்க கோயில்பிள்ளைக்கு நான் நேர்ல வந்து மாலை போடறேன்யா. மூக்கு நுனியில சளி பிடிச்ச செவப்பு வெச்சிருந்தேன், அதுகூட அப்படியே இருக்கு!

அப்போ தள்ளி வெக்கலை. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நாளைக்குப் பத்து மணிக்கு ஆட்டம்! மிச்சம் மூணையும் சாயங்காலத்துக்குள்ள தொடச்சிடுவேன். டீச்சருக்கும் நிகிலுக்கும் நீயே சொல்லிடு. நான் இட்லி வாங்கி வெக்கறேன், டிபன் சாப்பிட்டு வர வேண்டாம்னு சொல்லு. அப்புறம் டம்ளரை மேஜை மேல வெக்கக் கூடாது, போன வருஷம் பழைய பொம்மைங்க மேல நிகில்...

ஹலோ?

லைன்ல இருக்கியா?... ஏன்யா இப்படி மூச்சு விடறே? நாளைக்கு வேற வேலையா? ஒனக்குப் பூசை ஏழரைக்கே முடிஞ்சிடுமே... மேடவாக்கமா? மேடவாக்கத்துல என்ன இருக்கு?... நிகில் வீட்டுலயா? ஏன், அவனுக்கு ஏதாவது நிச்சயதார்த்தம் கிச்சயதார்த்தம்...

...

எவ்வளவு நாளா?

... பங்குனியிலேர்ந்தா. ம்... ம். வாராவாரம்... இல்லய்யா, சொல்லு, நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஸ்பீக்கரை எடுத்துட்டேன். டீச்சரும் வராங்களா?... ஓகோ.

இல்ல, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. பொம்மையெல்லாம் இங்க இருக்கே. எதை வெச்சு ஆடறீங்க?... சோடா மூடி. சரி. குள்ளன் சோடா மூடி. டீச்சருக்கு?... சாக்பீஸ் துண்டு. அவங்களுக்கு அதுக்குப் பஞ்சம் இருக்காது. பூதத்துக்கு?... எலுமிச்சம்பழமா!... கொன்னப்புறம்?... பிழிஞ்சு ஜூஸ் போட்டுக் குடிச்சிடுவீங்களா. பூதத்தை. உப்பு போட்டா, சக்கரை போட்டா?... டீச்சருக்கு உப்பு. சரி, நல்லது. நான் என் பூதத்தோட பல்லு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா மஞ்சள் கறை வெச்சேன். பதினாறு பல்லு.

கோபமா? எனக்கென்ன கோபம்... தனி வாட்ஸப் குரூப்பும் இருக்கா? நான் இல்லாம? அதான் நம்ம குரூப்புல நான் மட்டும் பேசிக்கிட்டிருந்தேனா. எல்லாரும் மரியாதையா கேட்டுக்கிட்டிருக்கீங்கன்னு நெனச்சேன்.

மூணு பேருக்குத்தானே ஆட்டம் வராது? நாலு பேராவது வேணும்னு நீதானே... வெற்றிவேல் யாரு?... தண்ணி லாரி டிரைவரா! அவன் எப்படிய்யா ஆட்டத்துக்குள்ள வந்தான்?... ம்... ஞாயித்துக்கிழமை அப்பார்ட்மெண்ட் சம்புத் தொட்டிக்குத் தண்ணி விடறதுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், சும்மா நிக்கறானேன்னு மேல கூப்பிட்டீங்க. சரி. அவன் ஆளுக்குப் பேரு என்ன?... முருகேசனா? மந்திர உலகத்துல முருகேசனா? முன்கதை எங்க? நான் ஒங்க எல்லாரையும் ஆளுக்கு மூணு பக்கம் முன்கதை எழுதச் சொன்னேனே. அக்னிகேதுவுக்கு நான் பதினொண்ணு எழுதினேன், குலம் கோத்திரத்தோட... 'ஊர்லேர்ந்து வந்தான்.' அவ்வளவுதானா? எந்த ஊர்னுகூட இல்லையா?

என்ன பண்ணுவான், கத்தி வெச்சிருக்கானா?... பேரம் பேசுவானா? யார்கிட்ட?... பூதத்துகிட்டயா!... 'இன்னா பூதம், நின்னுகினே பேசிகினு கீறோம், ஒக்காந்து பேசு'ன்னானா. அதுக்கு?... ஒக்காந்துச்சா? யோவ், அந்தப் பூதம் நூறு வருஷமா ஒக்காந்ததில்லன்னு நீயே சொல்லியிருக்கே... ம்... பாவம், கால் வலிச்சிருக்கும்தான்.

... நல்லாத்தான் ஆடறான். இல்ல, நெஜமாச் சொல்றேன். எனக்குத் தோணியிருக்காது. நான் தீப்பந்து விட்டிருப்பேன்.

பிரிட்டோ, இதுக்கு மட்டும் நேரா பதில் சொல்லு. என் மந்திரவாதி என்ன ஆனான்? கதையில. எட்டு மாசமா அவன் இல்லாம எப்படிப் போறீங்க? கொன்னுட்டியா?... கொல்லலையா?... வெளியிலயா? குகைக்கு வெளியில. சரி, என்ன பண்றான் அங்க?... கழுதையைப் பாத்துக்கிட்டு நிக்கறானா!

எட்டு மாசமா? ஏழு மலைகளின் அதிபதி? கழுதைக்குக் காவலா?... யோவ், அதுக்குக் கொன்னிருக்கலாமேய்யா! வீரமரணம் கொடுத்திருக்கலாம். சாகும்போது பேசறதுக்கு நாலு பக்கம் எழுதி வெச்சிருந்தேன் தெரியுமா?... ஒனக்குத் தெரிஞ்சிருந்துதா? அதனாலதான் சாகடிக்கலையா.

ம். நியாயம்தான்.

கழுதைக்கெல்லாம் என்ன வெக்கறீங்க?... பட்டாணி. பச்சைப் பட்டாணியா காஞ்சதா?... சும்மாதான் கேட்டேன். எனக்கு என்ன வெச்சிருக்கீங்க? மூடியா, புளியங்கொட்டையா?... எதுவும் வெக்கலையா?... என்னது? சாக்பீஸ்ல ஒரு வட்டம். காலி வட்டம்... எதுக்கு?... 'பெயிண்டு அடிக்காததை வெச்சா யக்ஞநாராயணன் சார் மனசு கஷ்டப்படும்'னு டீச்சர் சொன்னாங்களா.

... வாராவாரம் வட்டம் போடறாங்களா, அழிஞ்சா மறுபடி?

...

இல்ல, இருக்கேன். சொல்லு.

நான் வரதா? நாளைக்கா? நான் எங்கய்யா மேடவாக்கம் வரது. கேம்ப் ரோட்டுல தண்ணி நிக்கும். அதுவும் நவம்பர்ல, அந்த ரோட்டுல, ஆட்டோக்காரன் சீட்டுல காலைத் தூக்கி வெச்சுக்கிட்டு ஓட்டறான்... அது காரணமில்லதான். நீ கூப்பிடறே. அவங்க கூப்பிடறாங்களா? அதைச் சொல்லு... மழுப்பாதே... ஓகோ. நீங்கள்லாம் அங்க சிரிக்கறீங்களா. நெறைய. என் வீட்டுல சிரிச்சதில்லையா? ஒரு தடவைகூடவா?... என்ன பயம்?... பகடையை உருட்டவே பயமா? டம்ளரை வெக்க, பொம்மையைத் தொட, கால் மேல கால் போட... நான் என்னய்யா ஹெட்மாஸ்டரா?

... டீச்சரே சொன்னாங்களா. அவங்க பார்த்த ஹெட்மாஸ்டரெல்லாம் பரவாயில்லைன்னு. ம்.

ஒண்ணு சொல்லட்டுமா? ஒங்களைக் காக்க வெக்கணும்னு இல்லய்யா. அந்தக் கண்ணெல்லாம் மார்ச்சுலயே சரியாயிடுச்சு. அதுக்கப்புறம் நான் பண்ணதெல்லாம்... என்ன சொல்றது. டீச்சரோட பொம்மையைக் கையில எடுத்தா டீச்சர்கிட்ட பேசிக்கிட்டே அடிப்பேன். 'என்ன டீச்சர், பத்தாங் கிளாஸ் பேப்பர் திருத்தியாச்சா'ன்னு. குள்ளனை எடுத்தா நிகில்கிட்ட, கல்யாணம் எப்படா பண்ணிக்கப் போறேன்னு. நீங்கள்லாம் நாலு மணிக்கு வந்து ஆறு மணிக்குப் போற மாதிரி... லூசு இல்லய்யா... சரி, கொஞ்சம் லூசுதான். வி.ஆர்.எஸ். குடுத்துட்டு வீட்டுல ஒக்காந்திருக்கறவன் வேற என்ன பண்ணுவான்? முடிச்சிட்டா டப்பாவை மூடணும். ஒண்டிக்கட்டைக்கு டப்பா மூடற சத்தம் ரொம்பப் பெருசாக் கேக்கும்.

அழல. எண்ணெய்க் கையைக் கண்ணுல வெச்சிட்டேன்.

கேளு. நாளைக்கு வந்தா... 'வந்தா'ன்னு சொல்றேன், 'வரேன்'னு சொல்லல... பொம்மையெல்லாம் எடுத்துட்டு வரட்டுமா? பஞ்சு சுத்தி, டப்பாவுல போட்டு... வேண்டாமா? ஒண்ணுகூடவா? அக்னிகேதுவை மட்டும்?... ம். அவங்க கை பழகின மூடி இருக்கு, சாக்பீஸ் இருக்கு. நான் கொண்டு வந்து வெச்சா மறுபடி எல்லாரும் நிமிர்ந்து ஒக்காந்துடுவாங்க. புரியுது, புரியுது. நான் ஒண்ணும் சின்னப் பையன் இல்ல.

அப்போ அந்த வட்டத்துல எனக்கு என்ன?... விரலா? நானே என் விரலை வெச்சுக்கணுமா?... என் விரல்ல எப்பவும் பெயிண்டு இருக்கும், அதனால சட்டப்படி செல்லும்கறியா... யோவ்... ஹா... சரியான ஆளுய்யா நீ. லேமினேஷன்லயே ஓட்டை போட்டுட்டே.

என்ன, குரலை மாத்தறே? அது கதை சொல்ற குரலாச்சே. இப்பவா? போன்லயா?... சரி, சொல்லு. கதவைச் சாத்திட்டு வரேன்... ம், சொல்லு.

... குகை வாசல். ம்... மழை. அங்கயும் மழையா. ம்... நாலு கழுதை, ஒண்ணுக்கு இருமல்... உள்ள நெருப்பு வெளிச்சம் தெரியுது. ஆளுங்க பேசற சத்தம். யாரோ சிரிக்கறாங்க... ம்... அக்னிகேது எட்டு மாசமா நனைஞ்சுக்கிட்டு நிக்கறான். ம்.

நான் என்ன செய்யறேனா?

அக்னிகேது தன் மந்திரக் கோலை வானை நோக்கி உயர்த்தி, ஏழு மலைகளும் அதிர... இல்ல. இல்ல, இரு. அது வேண்டாம், அடிச்சிடு. அவசரப்படுத்தாதேய்யா.

...

கோலை வாசல்ல சாத்தி வெக்கறேன்.

இருமற கழுதையை மழைபடாத பக்கமா கட்டறேன்... அதுக்குப் பகடை வேணுமா? வேண்டாமா. சரி.

வாசல்ல வந்து நின்னு, உள்ள வரலாமான்னு கேக்கறேன்.

... அவ்வளவுதான். மந்திரம் எதுவும் போடல. கேக்கறேன்... சத்தமாவா? இல்ல, சாதாரணமாத்தான்... யார்கிட்டன்னா, உள்ள இருக்கறவங்ககிட்ட. முருகேசன் வாசல் பக்கமா ஒக்காந்திருந்தா முருகேசன்கிட்ட.

என்ன சொல்றாங்க?

... யோவ், சொல்லேன்... நீ சொல்ல முடியாதா? அவங்கதான் சொல்லணுமா... நாளைக்கு. பத்து மணிக்கு, நேர்ல... புரியுது. சரிதான். அதுதான் ஆட்டம்.

அதுவரைக்கும் நான்?

...

சரி. நிக்கறேன்.